குழந்தைத் துணி துவைப்பதில் அம்மா வீட்டில் ஒரு வழக்கம், மாமியார் வீட்டில் ஒரு வழக்கம். எதைப் பின்பற்றுவது?

வேளச்சேரி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு இன்றோடு 80 நாள். தாய்ப்பால், தூக்கம், மருந்து என்று எதில் வேண்டுமானாலும் வீட்டில் கருத்து வேறுபாடு வரும் என்று எதிர்பார்த்தேன், துணி துவைப்பதில் வரும் என்று நினைக்கவே இல்லை.

என் பிறந்த வீடு மயிலாடுதுறை, புகுந்த வீடு அம்பாசமுத்திரம். அம்மாவும் அத்தையும் மாறி மாறி வந்து என்னோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்கள் இல்லை என்றால் இந்த இரண்டரை மாதத்தை நான் தாண்டியிருக்கவே முடியாது. ஆனால் அம்மா இருக்கும் 15 நாள் ஒரு சட்டம், அத்தை இருக்கும் 15 நாள் வேறு சட்டம்.

அம்மாவுக்கு எல்லாமே கொதிக்கிற வெந்நீர். சட்டை, லங்கோடு, துண்டு எதுவானாலும் முதலில் வெந்நீரில் முக்கி, கடைசி அலசலில் இரண்டு மூடி கிருமிநாசினி ஊற்றினால்தான் அவருக்கு மனசு ஆறும். அத்தை வந்தால் வெந்நீரே கிடையாது. மெஷினில் போடக் கூடாது, பார் சோப்புப் போட்டுக் கையால் கசக்க வேண்டும், அடித்துத் துவைக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது (பிழிந்தால் குழந்தை உடம்பை முறுக்கிக்கொண்டு அழுமாம்), பெரியவர்கள் துணி இருக்கும் வாளியில்கூடப் போடக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஏதாவது பறவை பறந்து பட்சி தோஷம் வந்துவிடும். என் கணவர், எல்லாம் ஒரே வீட்டுத் துணிதானே, மொத்தமாக மெஷினில் போடு என்கிறார்.

இப்போது மழைக்காலம் வேறு. எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது, வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. பிழியாமல் போட்ட துணி இரண்டு நாள் ஆனாலும் காயாமல் ஒரு வாடை அடிக்கிறது. குழந்தைக்குக் கழுத்து மடிப்பிலும் இடுப்பு நாடா படும் இடத்திலும் சிவப்பாகத் தடிப்பு. டாக்டர் பார்த்துவிட்டு ஒரு களிம்பு கொடுத்து, துணியில் சோப்பு நிற்கிறதா பாருங்கள் என்று மட்டும் சொன்னார். நாங்கள் போர் தண்ணீரில்தான் துவைக்கிறோம், நுரையே வராது, அதனால் அத்தை சோப்பைக் கொஞ்சம் அதிகமாகவே தேய்க்கிறார்.

இன்னொரு சந்தோஷமான விஷயம், அத்தை இந்தத் தடவை ஊரிலிருந்து என் கணவர் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகளைக் கொண்டு வந்திருக்கிறார். 34 வருஷமாக பீரோவில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாராம், ஒரு ஓட்டைகூட இல்லை. அதையும் துவைத்துப் போட்டு வருகிறோம்.

என் கேள்வி இதுதான். தனியாகத் துவைப்பது, வெந்நீர், பிழியாமல் காயப்போடுவது, இருட்டுவதற்குள் எடுப்பது, இதில் எதற்கு உண்மையாகவே காரணம் இருக்கிறது? உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்?

கோவை அப்பா, இரண்டு பெண்கள்

எங்கள் வீட்டில் துணி துவைப்பது என் வேலை, அதனால் நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் டாக்டர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்பு அதிகம். அது பார் சோப்போடு சேர்ந்தால் கரையாத ஒரு பிசுக்காக மாறித் துணி இழையில் ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லையே என்று மேலும் சோப்புப் போட்டால் பிசுக்குத்தான் கூடும். காய்ந்த பிறகு துணி விறைப்பாக, வெள்ளை எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அதுதான் அடையாளம். குழந்தை வியர்க்கும்போது கழுத்திலும் இடுப்பிலும் அது உரசும். உங்கள் அத்தை மேல் தப்பே இல்லை, அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணித் தண்ணீரில் துவைத்த கை, அங்கே லேசாகத் தேய்த்தாலே நுரை வந்திருக்கும்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு குழாய், ஒன்று உப்புத் தண்ணி, ஒன்று நல்ல தண்ணி. பெரியவள் பிறந்தபோது துணி முழுக்க உப்புத் தண்ணியில் துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி சிறுவாணித் தண்ணி எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு மாற்றத்திலேயே தடிப்பு போய்விட்டது. நீங்களும் குடிநீர் லாரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கடைசி அலசலுக்கு வைத்துப் பாருங்கள். பார் சோப்புக்குப் பதில் வாசனை இல்லாத திரவ சோப்பு, அதிலும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். மெஷினில் போட்டால் கூடுதலாக ஒரு அலசல் வையுங்கள்.

கிருமிநாசினி தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். சாதாரணமாகத் துவைத்து, நன்றாக அலசி, நன்றாகக் காய வைத்தால் ஆரோக்கியமான குழந்தைக்கு அது போதும். கடைசி அலசலில் ஊற்றி அப்படியே காயப்போட்டால் அதுவும் துணியிலேயே நிற்கிறது.

அம்மாவின் வெந்நீரில் ஒரு சிக்கல். பால் கக்கிய துணியையும் மலம் பட்ட துணியையும் எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் கறை இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர்.

மதுரை நர்ஸ் அக்கா

துணியைத் தனியாகத் துவைப்பதா சேர்த்துத் துவைப்பதா என்பதை எல்லாம் அப்புறம் பேசலாம், தங்கச்சி. அந்துருண்டை போட்டு வைத்த சட்டைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இந்த நிமிஷமே குழந்தை உடம்பிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தை இருக்கும் அறையிலும் வைக்க வேண்டாம்.

நான் பச்சைக் குழந்தைகள் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள். அந்துருண்டையில், எங்கள் பக்கத்தில் பாச்சை உருண்டை என்பார்கள், இருப்பது நாப்தலீன். அது திடப்பொருளாக இருந்தபடியே ஆவியாகி, துணியில் இழை இழையாகப் படிந்துவிடும். குழந்தை அதை மூச்சிலும் இழுக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெயில் கரையக்கூடிய பொருள் என்பதால், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய உடம்பில் அந்தச் சட்டையைப் போடுவது இன்னும் மோசம்.

எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அது ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம், ஏனென்றால் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தைக்கு நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை ஏறி, சில நேரம் மூளையையே பாதிக்கிற அளவுக்குப் போய்விடும். சோதனை செய்யும்வரை எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளியே தெரியாது.

கண் வெள்ளை மஞ்சளாகிறதா, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறதா, உதடும் உள்ளங்கையும் வெளுத்திருக்கிறதா, பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறானா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் நாளைக்கே டாக்டரிடம் அந்துருண்டைத் துணி போட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை துவைத்துவிட்டோமே என்று நம்ப வேண்டாம். வாடை இருக்கும்வரை அது துணியில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பூச்சி வராமல் இருக்கக் கற்பூரம் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள், குழந்தை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம், வாயில் போட்டுவிட்டால் வலிப்பு வரும்.

அப்புறம் தனியாகத் துவைப்பதைப் பற்றி ஒரே ஒரு காரணம் சொல்கிறேன், இதை யாரும் சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு நமக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். நம் துணியோடு சேர்ந்து சுற்றும்போது அந்த முடி குழந்தையின் காலுறைக்குள்ளும் கையுறைக்குள்ளும் போய்விடும். உள்ளே ஒற்றை முடியோ நூலோ கால் விரலில் சுற்றிக்கொண்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். குழந்தை அழுகையை நிறுத்தாது, நமக்குக் காரணமும் புரியாது. அதனால் காலுறை, கையுறை, தொப்பி எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

வேளச்சேரி அம்மா

அக்கா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. உடனே சட்டையை மாற்றிவிட்டேன், மொத்தத்தையும் ஒரு பையில் கட்டி மொட்டை மாடி அறையில் வைத்தாயிற்று. பிறந்த மூன்றாம் நாள் இவனுக்குக் காமாலை வந்து இரண்டு நாள் விளக்கில் வைத்திருந்தார்கள், அதனால்தான் இன்னும் பயம். காலையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, அவ்வளவு ஆசையாகக் கொண்டு வந்தார்.

வெள்ளாவி வீட்டுப் பேத்தி

முதலில் குழந்தை நன்றாக இருக்க வேண்டும், டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

நான் எழுத வந்தது உங்கள் அத்தையின் வழக்கங்களைப் பற்றி. என் தாத்தாவும் பாட்டியும் எங்கள் ஊருக்கே துணி வெளுத்தவர்கள். வீட்டில் குழந்தை பிறந்தால் முதல் துணியை எடுக்க வருவது என் பாட்டிதான். தாய்க்கும் பிள்ளைக்கும் மாத்துத் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அழுக்குத் துணியை எடுத்து வருவார். அந்தத் துணியை வீட்டில் யாரும் கையால் தொட மாட்டார்கள், தீட்டு என்று கொல்லைப்புறத்தில் ஒரு மூலையில் போட்டு வைத்திருப்பார்கள். தொட்டு, அலசி, வெளுத்து, வெள்ளை வெளேர் என்று திரும்பக் கொடுத்தவருக்குத் திண்ணைக்கு மேல் இடம் கிடையாது. இதைச் சொல்லாமல் குழந்தைத் துணியைப் பற்றி என்னால் பேச முடியாது. இங்கே சிலர் தனித் துணி, தனி வாளி என்று சொல்லும்போது அதற்குள் கொஞ்சம் சுத்தமும் கொஞ்சம் தீட்டும் கலந்தே இருக்கிறது. சுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

வெள்ளாவி என்றால் என்ன என்று இப்போது பலருக்குத் தெரியாது. உவர்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்த நீரில் துணியை ஊற வைத்து, பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் மேல் துணிகளை அடுக்கி மூடி, ராத்திரி முழுக்க ஆவியில் வேக வைப்பார்கள். உவர்மண்ணில் இருக்கும் சோடா எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும், ஆவி கிருமியையும் பேனையும் ஒழித்துவிடும். விடிந்ததும் ஆற்றுக்குக் கொண்டுபோய் அடித்து அலசி மணலில் விரித்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். உங்கள் அம்மா வெந்நீர் வெந்நீர் என்கிறாரே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பழக்கம்தான். கடும் அழுக்குக்கும் நோய் வந்த வீட்டுத் துணிக்கும் சூடு வேண்டும், தினப்படி சட்டைக்குத் தேவையில்லை.

ஆனால் குழந்தைச் சட்டையைப் பாட்டி கல்லில் அடிக்க மாட்டார், முறுக்கவும் மாட்டார். உங்கள் அத்தை சொல்லும் அதே காரணத்தைத்தான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பாட்டி என்னிடம் சொன்னது வேறு. குழந்தைக்குக் கட்டுவது பழைய வேட்டித் துணி, ஏற்கெனவே நைந்தது, முறுக்கினால் இழை விட்டுவிடும். அதோடு முறுக்கிய மடிப்பு அப்படியே காய்ந்தால் கயிறு மாதிரி விறைத்து, தொடையில் அறுக்கும். அதற்கு அவர் செய்தது, ஈரத் துணியை ஒரு காய்ந்த துண்டில் பரப்பிச் சுருட்டி, மேலே கையால் அழுத்துவது. தண்ணீர் முழுக்கத் துண்டு இழுத்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு கையாலும் பட்டென்று உதறிக் காயப்போட வேண்டும், உதறினால்தான் துணி மெத்தென்று இருக்கும். இதை உங்கள் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார். வலைப் பையில் போட்டு மெஷினில் சுற்றுவதும் முறுக்குவது ஆகாது, சுற்றும்போது தண்ணீர்தான் வெளியே தெறிக்கிறது, துணி முறுகுவதில்லை.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எந்த வீட்டுத் துணி என்று தெரிய சேங்கொட்டைப் பாலில் தாத்தா குறி வைப்பார், எத்தனை வெள்ளாவிக்கும் போகாது. குழந்தைத் துணியில் மட்டும் வைக்க மாட்டார், நூலில் ஒரு முடிச்சுத்தான். சேங்கொட்டை பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்று அவருக்குத் தெரியும், அவர் விரல்களே அப்படித்தான் இருந்தன.

ஸ்காபரோ அக்கா

நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில் 19 வருடம். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

என் மூத்த மகள் பிறந்தபோது பிள்ளைப்பேறு பார்க்க அம்மா ஊரிலிருந்து வந்தவ. நாங்கள் இருந்தது அடுக்குமாடி, கீழே நிலவறையில் எல்லாருக்கும் பொதுவான தோய்க்கிற மெசின். பிள்ளையின் உடுப்பை ஊர் உலகம் பாவிக்கிற மெசினில் போடக் கூடாது என்று அம்மா ஒரே பிடி. பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்கு கழியும்வரை குளியல் தொட்டியில் சவர்க்காரம் போட்டுக் கையால்தான் தோய்த்தவ. முழங்கால் நோவோடு அவ குனிந்து நின்றதை நினைத்தால் இப்போதும் கவலையாக இருக்கிறது. பிறகு ஒரு நாள் நான் கூட்டிக்கொண்டு போய், வெறும் மெசினை ஒரு தடவை சுடுதண்ணியில் ஓட விட்டுக் காட்டி, அதற்குப் பிறகு பிள்ளையின் உடுப்பைப் போட்டேன். அவவுக்கு வேண்டியிருந்தது அந்தக் கழுவல்தான், அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

செக்கலுக்கு முன்னம் உடுப்பை எடு என்று எங்கள் ஊரிலும் சொல்லுவினம். இங்கே பனிக்காலத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வெளியே காயப்போடுகிற கதையே இல்லை. ஆனால் ஒரு வசதி, ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் காற்று காய்ந்து போயிருக்கும், காயப்போடுகிற ராக்கையில் விரித்துவிட்டால் விடியுமுன் உடுப்பு காய்ந்துவிடும், பிள்ளையின் மூக்கு அடைக்காமல் காற்றும் கொஞ்சம் ஈரமாகும். சென்னையில் இது நேர்மாறு. மழைக்காலத்தில் படுக்கையறைக்குள் துணி விரித்தால் அந்த ஈரமெல்லாம் சுவரில் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும், அது பிள்ளையின் நெஞ்சுக்குக் கூடாது. குழந்தை படுக்காத அறையில் மின்விசிறியின் கீழ் விரித்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உடுப்பை மெதுவாக்குகிற வாசனைத் திரவமும் ட்ரையரில் போடுகிற வாசனைத் தாளும் வேண்டாம். அது துணியில் ஒரு மெழுகுப் படலம் மாதிரி படியும், லங்கோடு சிறுநீரை உறிஞ்சாமல் பிள்ளையின் தோலிலேயே நிற்கும்.

பள்ளிக்கரணை

மழைக்கு நான் செய்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் மகளுக்கு 5 மாதம். கரண்டும் இல்லை, கீழ்வீட்டில் தண்ணீர், இருந்த டயப்பர் இரண்டே நாளில் தீர்ந்தது. பழைய வேட்டி இரண்டைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டேன். சின்னத் துண்டு, ஒற்றை மடிப்பு, இரண்டு துணிக்கு நடுவில் ஒரு கை இடைவெளி, இப்படி விரித்தால் வெயில் இல்லாமலேயே காய்ந்தது. தடிமனான தைத்த நாப்கின்தான் கடைசிவரை காயவில்லை. மழை முடியும்வரை மெல்லிய துணிக்கு மாறிவிடுங்கள். முக்கால் காய்ந்ததும் இஸ்திரி போட்டால் அந்த வாடையும் வராது.

சாம்பிராணிப் புகையில் கூடை கவிழ்த்துத் துணி காய வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். என் பாட்டி அப்படித்தான் செய்வார், ஆனால் புகை ஏறிய துணி குழந்தையின் மூக்கருகிலேயே இருக்கும், என் மகளுக்கு இளைப்பு வந்து நாங்கள் பட்டுவிட்டோம்.

தென்காசித் தம்பி

சேர்த்துத் துவைக்கலாம் என்று சொல்பவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது படர்தாமரை இருந்தால் கூடவே கூடாது. எனக்கு இடுப்பில் இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை, என் லுங்கியும் துண்டும் குழந்தைத் துணியோடு ஒரே வாளியில் ஊறின. என் எட்டு மாதப் பையனுக்கும் வந்துவிட்டது. அதன்பிறகு என் துணியை 60 டிகிரி சூட்டில் தனியாகத் துவைத்து, உள்பக்கம் திருப்பி வெயிலில் போட்டு, இரண்டு பேரும் மருந்தை முழுதாகப் போட்ட பிறகுதான் விட்டது. இதற்கு அம்மா சொன்ன வெந்நீர்தான் சரி.

கீழ்ப்பாக்கம் வாசகி

எல்லாம் சரி, ஆனால் பட்சி தோஷத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்து நாம் ஏன் அதை வாழ வைக்க வேண்டும்? என் முதல் குழந்தை மெலிந்துகொண்டே போனபோது, நான் ராத்திரி கொடியில் துணியை விட்டதுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் என்னைத்தான் சொன்னார்கள். மூன்று வாரம் மந்திரித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பால் போதவில்லை என்று தெரிந்தது. அந்த மூன்று வாரம் எனக்கு இன்னும் வலிக்கிறது. துணியை எப்போது எடுப்பது என்பது வேறு, குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் தாய் மேல் பழி போடுவது வேறு.

மதுரை நர்ஸ் அக்கா

கீழ்ப்பாக்கம் தங்கச்சி சொல்வதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். மெலிகிற குழந்தையைத் தராசில் வைக்க வேண்டும், தோஷம் பார்க்கக் கூடாது. வார்டில் இப்படித் தாமதமாக வந்த குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

துணியை மட்டும் இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம், அதற்குப் பறவை காரணம் இல்லை. மழைக்காலத்தில் ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு ஆசிட் பூச்சி வரும், எறும்பு மாதிரி நீளமாக, கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும். அது துணி மடிப்பில் உட்கார்ந்திருந்து, நாம் தெரியாமல் போட்டுவிட்டு அது உடம்பில் நசுங்கினால், கோடு போட்டாற்போலத் தோல் வெந்துவிடும். முருங்கை மரத்தடியில் கொடி கட்டியிருந்தால் கம்பளிப்பூச்சியும் உண்டு. எடுக்கத் தாமதமாகிவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது, ஒவ்வொரு துணியையும் திருப்பி உதறிவிட்டு மடியுங்கள்.

வேளச்சேரி அம்மா

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். டாக்டர் குழந்தையை நன்றாகப் பார்த்தார். காமாலை இல்லை, ரத்த அளவும் சரியாக இருக்கிறது. ஜி6பிடி சோதனைக்கும் ரத்தம் எடுத்தார்கள், நேற்று முடிவு வந்தது, குறை எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தச் சட்டைகள் வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார். நர்ஸ் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

கடைசி அலசலை லாரித் தண்ணீரில் செய்கிறோம், சோப்பைக் குறைத்துவிட்டோம், கிருமிநாசினியை நிறுத்திவிட்டோம். கழுத்துத் தடிப்பு பாதிக்கு மேல் போய்விட்டது, இடுப்பில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. துண்டில் சுருட்டி அழுத்துவதை அத்தையிடம் காட்டினேன், இப்போது அவரே செய்கிறார். மெஷினுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அந்துருண்டை விஷயத்தை என் கணவரே சொன்னார். அத்தை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், இதையே போட்டுத்தானே உன்னையும் வளர்த்தேன், அப்போது எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அழுதுவிட்டார். அந்தச் சட்டைகளைத் தூக்கிப் போட எங்களுக்கு மனசில்லை, அவர் கையால் தைத்தவை. குழந்தைக்குப் போடாமல், அந்துருண்டை இல்லாமல், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். வேப்பிலை போட்டு வைத்தால் வெள்ளைத் துணியில் கறை பிடிக்குமா என்று அத்தை உங்களிடம் கேட்கச் சொன்னார்.

வெள்ளாவி வீட்டுப் பேத்தி

பச்சையாகப் போட்டால் பிடிக்கும். நிழலில் நான்கைந்து நாள் உலர்த்தி, கையில் நொறுங்கும் பதம் வந்ததும் ஒரு மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி, சட்டைகளின் மேல் படாமல் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் சட்டைகளை மொட்டை மாடியில் காற்றாட விரித்து வையுங்கள், வாடை அடங்கப் பல வாரம் ஆகும். கஞ்சி போடாமல் மடித்து வையுங்கள், கஞ்சி இருந்தால் பூச்சி வரும். வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனி வெயிலில் வெளியே எடுத்து விரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.